வில்லுக்கத்தி: கூரும் பூட்டும் கொண்டுபோகும் விதமும்

சென்ற இதழில் தோட்டக் கருவிகளைப் பற்றி எழுதியபோது, மடியில் ஒரு வில்லுக்கத்தி, அதாவது மடக்குக் கத்தி, இருந்தால் பாதி வேலை நின்ற இடத்திலேயே முடிந்துவிடும் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கருவிக்குப் போய்விட்டேன். மண்வெட்டியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். அதற்கு ஒரு கடிதம் வந்தது. அந்த ஒற்றை வரிக்கு வந்த கடிதங்களோ மேசை இழுப்பறையில் அடங்கவில்லை. ஆகவே இம்முறை கேள்வி பதில் பகுதி முழுவதையும் மடக்குக் கத்திக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே விடயத்தைக் கேட்டிருந்தவர்களின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியுள்ளேன், பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: கனடாவில் இருந்து வந்த மைத்துனர் மூன்று மடக்குக் கத்திகளை முன்னால் வைத்து ஒன்றை எடுக்கச் சொல்கிறார். ஒன்று சிவப்புப் பிடியுள்ள 91 மில்லிமீற்றர் சுவிஸ் கத்தி. இன்னொன்று மரப்பிடியும் கழுத்தில் ஓர் உலோக வளையமும் உள்ள பிரெஞ்சுக் கத்தி. அலகில் 8 என்று இருக்கிறது. மூன்றாவது பித்தளை முனைகள் வைத்த கனமான அமெரிக்கக் கத்தி, தோல் உறையுடன். பூட்டு உள்ளதைத்தான் எடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் வயலும் கொஞ்சம் மேட்டுநிலப் பயிரும் செய்கிறேன். எதை எடுக்கலாம்? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: உங்கள் மைத்துனர் நல்ல மனிதர். மூன்றுமே பெயர் பெற்ற கத்திகள். ஆனால் மூன்றும் வெவ்வேறு வேலையை நினைத்துச் செய்யப்பட்டவை.

சிவப்புப் பிடியுள்ளது விக்ரொறினொக்ஸ். சுவிற்சர்லாந்தின் ஈபாக் என்ற ஊரில் 1884 இல் கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறை, 1891 இல் அந்நாட்டு இராணுவத்துக்கு முதற் கத்திகளைக் கொடுத்தது; தக்கை திருகியும் சிறு அலகும் சேர்ந்த, இன்று உலகமெல்லாம் தெரிந்த வடிவம் 1897 இல் பதிவு செய்யப்பட்டது. உங்களுக்கு வந்துள்ள 91 மில்லிமீற்றர் வகையில் அலகுக்குப் பூட்டு இல்லை. பிடியின் முதுகுக்குள் ஒரு வில்லுத் தகடு இருந்து அலகின் அடியை அழுத்திக்கொண்டே இருக்கும்; திறந்தாலும் மூடினாலும் அந்த அழுத்தம் மட்டுமே அலகைப் பிடித்து வைக்கிறது. வாய்ப்பக்கத்தால் அழுத்தி வெட்டும் வரைக்கும் இதில் ஆபத்தில்லை, ஏனென்றால் வெட்டும் விசையே அலகை விரித்து வைத்திருக்கும். நுனியால் குத்தும்போதும், மரத்தில் இறுகிய அலகை ஆட்டி இழுக்கும்போதும்தான் விசை முதுகுப் பக்கம் திரும்பும். அப்போது அலகு மடங்கும். அது மடங்கி வந்து விழும் இடத்தில் உங்கள் விரல்கள் இருக்கும். என் வலது சுட்டுவிரலின் நடுக்கணுவில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு உண்டு. சொட்டுநீர்க் குழாயில் துளை போடுவதற்காக, பூட்டில்லாத கத்தியின் நுனியைச் செருகித் திருகிய ஒரு காலை வேளையில் வந்தது அது. கத்தியில் பிழை இல்லை. குத்தக்கூடாத கத்தியால் குத்தியவனில்தான் பிழை. அந்தக் கத்தியிலேயே துளையிடுவதற்கென்று ஊசி போன்ற கருவி ஒன்று மடிந்து கிடந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மரப்பிடியுள்ளது ஒப்பினெல். பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890 இல் செய்யத் தொடங்கிய உழவர் கத்தி. ஆரம்பத்தில் அதற்கும் பூட்டு இருக்கவில்லை. கழுத்தில் உள்ள வளையம் 1955 இல் வந்தது. அலகைத் திறந்ததும் வளையத்தைப் பெருவிரலால் ஒரு பக்கம் திருகினால் அதிலுள்ள பிளவு விலகி, பிளவில்லாத பகுதி அலகு மடங்கும் பாதையை அடைத்துக்கொள்ளும். அதன் பின்னர் அலகு மடங்க வழியில்லை. இதைவிட எளிய பூட்டு மடக்குக் கத்தி உலகில் இல்லை என்பது என் எண்ணம். உள்ளே ஒளிந்திருக்கும் வில் கிடையாது, தூசி போய் அடைக்கும் பள்ளமும் பெரிதாகக் கிடையாது. ஒரே குறை, திருக மறந்தால் பூட்டு இல்லை என்பதுதான். எட்டாம் இலக்கத்தின் அலகு 8.5 சென்ரிமீற்றர் நீளம். முதுகில்கூட இரண்டு மில்லிமீற்றருக்குக் குறைந்த தடிப்பு. இந்த மெல்லிய தன்மையால்தான் மாங்காயும் பூசணியும் அதில் பிளக்காமல் வெட்டுப்படுகின்றன.

மூன்றாவது, நீங்கள் சொல்லும் அடையாளத்தின்படி பக் 110 அல்லது அதன் சாயலில் செய்யப்பட்ட ஒன்று. 1960களின் நடுப்பகுதியில் வேட்டைக்காரருக்காக வந்த கத்தி. இதில் பூட்டு முதுகில் இருக்கிறது: ஒரு நீண்ட நெம்பு, அதன் முனையில் ஒரு பல், அலகு முழுதாகத் திறந்ததும் அந்தப் பல் அலகின் அடியில் வெட்டியுள்ள பள்ளத்துக்குள் டக்கென்று விழும். மூடுவதற்குப் பிடியின் முதுகில் அழுத்திப் பல்லைத் தூக்க வேண்டும். வலிமையான பூட்டு. ஆனால் கத்தியின் எடை ஏறத்தாழ 200 கிராம். ஒப்பினெல் அதில் நாலில் ஒரு பங்குகூட வராது. உறையில் இடுப்புப்பட்டியில் தொங்கவிடலாமே தவிர, சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் சரிந்து நிற்கும்.

உங்கள் வேலை உரப்பை வாய் வெட்டுவது, நைலோன் கயிறு அறுப்பது, குழாய் வெட்டுவது, வரம்பில் இருந்து ஒரு வெள்ளரிப்பிஞ்சைச் சீவித் தின்பது. நான் என்றால் மரப்பிடிக் கத்தியை எடுப்பேன். ஒரு எச்சரிக்கை: மாரியில் மரம் ஈரம் குடித்து வீங்கினால் அலகு வெளியே வர மறுக்கும். நகத்தால் பிடித்து இழுத்து நகத்தை உடைக்காமல், பிடியின் அடி முனையை மரக்குற்றியில் ஒரு தட்டுத் தட்டுங்கள். அலகு தானே எட்டிப் பார்க்கும். அதைக் கண்டுபிடித்தவர்களும் சவோய் மலைநாட்டு உழவர்களே. சுவிஸ் கத்தியை வீட்டுக்காரிக்குக் கொடுங்கள். அதன் கத்தரிக்கோலும் திருகாணி முறுக்கியும் வீட்டில் ஓய்வெடுக்கமாட்டா.

கேள்வி: ஒரு கையால் திறக்கும் கறுப்புக் கத்தி ஒன்றைக் கடையில் வாங்கினேன். உள்ளே ஒரு மெல்லிய தகடு பக்கவாட்டில் வந்து அலகைப் பூட்டுகிறது. ஆறு மாதத்தில் அலகு ஆடத் தொடங்கிவிட்டது. ஒரு நாள் பூட்டியபடியே மடங்கப் பார்த்தது. வாங்கும்போதே பூட்டைச் சோதிப்பது எப்படி? (வாசகர், மாங்குளம்)

பதில்: நீங்கள் சொல்வது பக்கத்தகட்டுப் பூட்டு. இன்றுள்ள வடிவத்தை 1980களில் மைக்கல் வோக்கர் என்ற அமெரிக்கக் கத்திக்காரர் கொண்டுவந்தார். நல்ல கையில் செய்யப்பட்டால் அருமையான பூட்டு. மலிவாகச் செய்யப்பட்டால் ஒரு தகரத் துண்டை நம்பி விரலைக் கொடுப்பது போன்றது. பிடியின் உட்பக்கத் தகட்டில் ஒரு கீற்றைப் பிரித்து வளைத்திருப்பார்கள். அலகு திறந்ததும் அந்தக் கீற்று உள்ளே பாய்ந்து அலகின் அடிக்குப் பின்னால் நிற்கும். அது நிற்கும் இடத்தைப் பார்த்தாலே கத்தியின் வயது தெரியும். புதிதில் அலகடியின் தொடக்கத்திலோ நடுவுக்குச் சற்று முன்னரோ நிற்க வேண்டும். மறுபக்கம் வரை ஓடிவிட்டது என்றால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் கத்தி மறுபக்கம் முட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அதற்கு இனி வைத்தியம் இல்லை.

கடையில் சோதிக்க இரண்டு நிமிடம் போதும். முதலில் அலகைத் திறந்து நுனியைப் பிடித்து இடமும் வலமும், பின்னர் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். இடம் வலமாகச் சிறிது ஆடினால் அலகு சுழலும் ஆணியை முறுக்கித் திருத்தலாம். மேலும் கீழும் ஆடினால் அது பூட்டின் குறை, வேண்டாம். பிறகு விரல்கள் எதுவும் அலகின் பாதையில் இல்லாதபடி பிடியை உள்ளங்கையால் பக்கவாட்டில் பற்றிக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து மெல்ல மெல்ல அழுத்துங்கள். பூட்டு விலகும் என்றால் இந்த அழுத்தத்திலேயே விலகும். சிலர் முதுகை மேசையில் ஓங்கி அடித்துக் காட்டுவார்கள். அது நல்ல பூட்டையும் கெடுத்துவிடும், பார்க்க மட்டும் வீரமாக இருக்கும்.

இந்தப் பூட்டின் இன்னொரு தொல்லை, மூடும்போது பெருவிரலை அலகு வரும் பாதைக்குள் விட்டுத்தான் தகட்டைத் தள்ள வேண்டியிருப்பது. கால்வாசி மடிந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். இடக்கைக்காரருக்கு இது இன்னும் சங்கடம், பெரும்பாலானவை வலக்கைக்கென்றே செய்யப்படுவதால். அவர்களுக்கு நான் சொல்வது குறுக்குக் கம்பிப் பூட்டு: அலகடிக்கு மேலே பிடியின் இரு பக்கமும் தலை நீட்டும் ஒரு சிறு எஃகுக் கம்பி, பின்னால் இரண்டு மெல்லிய வில். எந்தக் கையாலும் இயக்கலாம், விரலும் பாதைக்குள் போகாது. பெஞ்ச்மேட் நிறுவனம் 1998 இல் கொண்டுவந்தது. இப்போது மற்றவர்களும் செய்கிறார்கள். விலை கூடியது, உள்ளே உள்ள அந்த மயிரிழை வில்கள் ஒடிந்தால் இங்கே மாற்றிக்கொடுக்க ஆள் இல்லை.

வன்னியில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். வைகாசி, ஆனியில் எங்கள் கிரவல் வீதிகளில் எழும் செம்புழுதி எந்தப் பையின் அடியிலும் ஒரு விரற்கடை படிந்து கிடக்கும். அது எண்ணெயோடு சேர்ந்தால் களி. அந்தக் களி அலகடிப் பள்ளத்தில் இறுகினால் பல்லோ தகடோ முழுதாக உள்ளே விழாது. வெளியே பார்க்கப் பூட்டியது போலவே இருக்கும். மாதத்தில் ஒரு தடவை பழைய பற்தூரிகையும் சவர்க்கார நீரும் கொண்டு உட்புறத்தைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, ஆணியில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விட்டால் போதும். நல்லெண்ணெய் விடாதீர்கள், அது நாளடைவில் பிசினாகிப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கேள்வி: வாங்கிய அன்று தாளைச் சீவியது. இரண்டு கிழமையில் தக்காளித் தோலில் வழுக்குகிறது. கடைக்காரர் காந்தத்தை வைத்து, இது ஒட்டுகிறது, ஆகவே அசல் ஸ்ரெயின்லெஸ் இல்லை என்று வேறொன்றை விற்கப் பார்த்தார். அவர் சொல்வது சரியா? கூர் நிற்கும் கத்தியை எப்படி அறிவது? (வாசகி, கிளிநொச்சி)

பதில்: அம்மா, கடைக்காரர் சொன்னது சமையற் பாத்திரத்துக்குச் சரி, கத்திக்குப் பிழை. பாத்திரம் செய்யும் நிக்கல் கலந்த துருவேறா எஃகு காந்தத்தில் ஒட்டாது. அதைத் தோய்ச்சல் போட்டு, அதாவது பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து, கடினமாக்கவும் முடியாது. கூர் நிற்க வேண்டிய அலகு கடினமாக வேண்டும், கடினமாகும் எஃகு காந்தத்தில் ஒட்டும். ஒட்டாத அலகு கிடைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கூர் நிற்பதை மூன்று காரியங்கள் தீர்மானிக்கின்றன: எஃகில் உள்ள கரி (காபன்), தோய்ச்சல் போட்ட கை, வாயின் தடிப்பு. ஒப்பினெலையே பார்க்கலாம். அதன் கரி எஃகு அலகில் நூற்றுக்கு 0.9 அளவில் கரி உண்டு; துருப்பிடிக்காத வகையில் 0.6 அளவு கரியும் 13.5 அளவு குறோமியமும் உண்டு. கரி எஃகு சீக்கிரம் தீட்டுப்படும், மிக நன்றாக வெட்டும். ஆனால் தேசிக்காயை வெட்டிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் அரைமணி நேரத்தில் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு கேடில்லை; மாரிக் காலத்தில் வரும் சிவப்புத்தான் கேடு. எஃகின் பெயரையே எழுதாமல் வெறுமனே ஸ்ரெயின்லெஸ் என்று பொறித்து வரும் மலிவு அலகுகளில் பெரும்பாலும் கரி மிகக் குறைவு, அவற்றை எவ்வளவு தீட்டினாலும் இரண்டு கிழமைதான்.

எஃகின் கடினத்தை றொக்வெல் என்ற அளவையால் சொல்வார்கள். சுவிஸ் கத்தியின் அலகு 56 அளவில் இருக்கும்; 440சி என்ற எஃகு நன்றாகத் தோய்ச்சல் பட்டால் 58 முதல் 60 வரை போகும்; அதற்கு மேலும் போகும் விலையுயர்ந்த எஃகுகள் உண்டு. எண் கூடியதே நல்லது என்று இளைஞர்கள் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். நான் ஒத்துக்கொள்வதில்லை. கடினம் கூடினால் கூர் நாட்பட நிற்கும் என்பது உண்மை. மழுங்கிய பிறகு அதை மீட்டெடுக்க வைரத்தூள் பதித்த தகடு வேண்டும் என்பதும், எலும்பில் பட்டால் வாய் சில்லாகத் தெறிக்கும் என்பதும் உண்மை. கிணற்றடியில் ஒரு தீட்டுக்கல்லோடு காலம் தள்ளும் நமக்கு 56 தான் தோழன். மழுங்கும், ஐந்து நிமிடத்தில் திரும்ப வரும்.

அந்த ஐந்து நிமிடத்தைச் சொல்கிறேன். கல்லைப் பத்து நிமிடம் நீரில் ஊறவைத்து, ஈரச் சாக்கின் மேல் வையுங்கள், நழுவாது. அலகைக் கல்லில் படுக்கவைத்து முதுகை மட்டும் சிறிது தூக்க வேண்டும். எவ்வளவு என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். அலகின் அகலம் 2 சென்ரிமீற்றர் என்றால், முதுகு கல்லில் இருந்து 7 மில்லிமீற்றர் உயர்ந்தால் 20 பாகை, 5 மில்லிமீற்றர் உயர்ந்தால் 15 பாகை. கயிறும் குழாயும் வெட்டும் கத்திக்கு 20, பழமும் இறைச்சியும் வெட்டுவதற்கு 15. தொடங்கும் முன் பிள்ளைகளின் மாக்கர் பேனையால் வாய் நெடுகக் கறுப்புப் பூசிவிடுங்கள். நாலு இழுவை இழுத்துவிட்டுப் பாருங்கள்: கறுப்பு வாயோரத்தில் அழிந்திருந்தால் கோணம் சரி, மேலே மட்டும் அழிந்திருந்தால் முதுகு தாழ்ந்துவிட்டது. ஒரே பக்கத்தைத் தீட்டிக்கொண்டே போங்கள், எதிர்ப்பக்க வாயில் ஒரு பிசிர் எழும் வரை. பெருவிரலை முதுகில் இருந்து வாய்ப்பக்கமாக, அலகுக்குக் குறுக்கே, வெளியே போகும்படி மெல்லத் தடவினால் நகத்தில் சொரசொரவென்று படும். அடியில் இருந்து நுனி வரை அது பட வேண்டும். படாத இடத்தில் கூர் வரவில்லை. பிறகு மறுபக்கம். கடைசியில் இரு பக்கமும் மாறி மாறி, கை எடையை மட்டும் வைத்து, பத்து இழுவை. பழைய தோல் இடுப்புப்பட்டியைக் கதவுப்பிடியில் மாட்டி இறுக்கிப் பிடித்து, அலகை முதுகு முன்னே போகும்படி இருபது தடவை வழித்தால், மிச்சப் பிசிரும் போய்விடும். பனையேறிகள் மணற்பொடி தூவிய பலகையில் பாளைக்கத்தியை வழிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதல்ல.

கல் இல்லாதவர்கள் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்புப் பூசாத அந்தச் சொரசொரப்பான வளையத்தில் தீட்டலாம்; அவசரத்துக்கு நன்றாகவே உதவும். மின்சாரச் சாணையில் மட்டும் கொடுக்காதீர்கள். பொறி பறக்கும்போது வாயோரத்தில் ஒரு நீலநிறம் ஓடுவதைக் கண்டால், அந்த இடத்தின் தோய்ச்சல் போய்விட்டது. அது எவ்வளவு தீட்டினாலும் இனி இளகிய இரும்புதான்.

ஒன்றை மறந்துவிட்டேன். உரப்பையும் கயிறும் மட்டும் அறுக்கும் கத்தியைக் கண்ணாடி போல மினுக்க வேண்டாம். கரடுமுரடான கல்லோடு நிறுத்திவிட்டால் வாயில் கண்ணுக்குத் தெரியாத பற்கள் மிஞ்சும். நாரைக் கடித்து இழுப்பவை அவைதாம்.

கேள்வி: களப்பிலும் கரையிலும் வலைத்தொழில் செய்கிறேன். எந்த மடக்குக் கத்தியும் ஒரு பருவம் தாண்டுவதில்லை, ஆணி இறுகிவிடுகிறது. (வாசகர், முல்லைத்தீவு)

பதில்: உங்கள் தொழிலுக்கு மடக்குக் கத்தியே சரியான கருவி அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மடியும் இடத்தில்தான் உப்பும் செதிலும் போய்த் தங்கும், அங்கே துணி போகாது. வள்ளத்தில் உறையோடு கூடிய நேர்க்கத்தி ஒன்றைக் கயிற்றில் கட்டி வையுங்கள். கரையில் வலை பிரிக்க மடக்குக் கத்திதான் வேண்டுமென்றால், நுனி மழுங்கலாக வளைந்து இறங்கும் அலகைத் தேடுங்கள். ஆடும் வள்ளத்தில் கூர்நுனி வலையையும் தொடையையும் வேறுபடுத்திப் பார்க்காது. நைலோன் கயிற்றுக்குப் பல்வாய் அலகு நன்றாக உழைக்கும், ஆனால் தட்டைக் கல்லில் அதைத் தீட்ட முடியாது. துருவேறா எஃகும் கடலுப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும். எச்1 என்ற எஃகில் ஸ்பைடர்கோ நிறுவனம் செய்த கடற்கத்திகள் கிட்டத்தட்டத் துருவே ஏறாதவை. வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் தினமும் நன்னீரில் அலசி, திறந்தபடி உலரவிட்டு, ஆணியில் தேங்காயெண்ணெய் ஒரு துளி. அதற்கு மேல் மந்திரம் கிடையாது.

கேள்வி: வீட்டில் சாரம், வெளியே போனால் காற்சட்டை, பாதி நேரம் மோட்டார் சைக்கிள். இதுவரை இரண்டு கத்திகளை வழியில் தவறவிட்டேன். எப்படிக் கொண்டுபோவது? (வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: சாரத்தின் மடிப்பு வெற்றிலைக்குப் போதும், கத்திக்குப் போதாது, குனிந்து நாற்று முடியைத் தூக்கும்போது நழுவிச் சேற்றில் போய்விடும். பிடியின் அடியில் ஓட்டையோ வளையமோ உள்ள சிறிய கத்தியாகப் பார்த்து, ஒரு முழம் மெல்லிய கயிற்றால் அரைஞாண்கொடியில் கட்டிக்கொள்ளுங்கள். என் தகப்பனார் தம் பேனாக்கத்தியை அப்படித்தான் வைத்திருந்தார். அவர் எதையும் தொலைத்ததாக நினைவில்லை.

காற்சட்டைக்குப் பக்கக் கவ்வியுள்ள கத்தி வசதி. 1981 இல் ஸ்பைடர்கோ தன் முதற் கத்தியில் அந்தக் கவ்வியை வைத்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. கவ்வியுள்ள கத்தி பையின் அடியில் புரளாமல் விளிம்பில் நிமிர்ந்து நிற்கும். நுனி மேலே பார்த்தபடி நிற்கும் வகையானால் எடுத்தவுடன் கைக்குத் திறக்க வாகாக இருக்கும். ஆனால் பைக்குள் தற்செயலாகச் சற்றுத் திறந்துவிட்டால், உள்ளே விடும் கையை அலகு வரவேற்கும். ஆகவே கத்தியைப் பையின் பின்பக்கத் தையலோடு ஒட்டி, அலகு திறக்கும் பக்கம் தையலை நோக்கும்படி மாட்டுங்கள்; தையலே அதை மூடி வைத்திருக்கும். மோட்டார் சைக்கிளில் இருக்கும்போது தொடை மடியும் இடத்தில் கவ்வி தளர்ந்து மேலேறும். கிரவல் வீதியில் நாலு பள்ளம் விழுந்து எழும்பினால் கத்தி பறந்துவிடும். உங்களுடைய இரண்டும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். நீண்ட பயணம் என்றால் இருக்கைக்கடியில் கருவிகளோடு வைத்துவிடுங்கள். இனி வாங்குவது செம்மஞ்சள் அல்லது சிவப்புப் பிடியாக இருக்கட்டும். கறுப்புப் பிடி படத்தில் அழகு, புல்லில் விழுந்தால் போனதுதான்.

கேள்வி: மா ஒட்டுவதற்கு வழக்கமான வில்லுக்கத்தியைப் பயன்படுத்தலாமா? (நாற்றுமேடை நடத்தும் வாசகி, வவுனியா)

பதில்: முடிந்தால் வேண்டாம். வழக்கமான அலகு இரு பக்கமும் சரிந்து கூராகிறது. அது தடியைச் சீவும்போது உள்ளே வளைந்து போய், வெட்டுமுகத்தில் மெல்லிய குழி விழும். ஒட்டுக்கிளையும் கீழ்த்தண்டும் இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் பட்டைக்குக் கீழுள்ள பச்சைப் படை ஒன்றோடொன்று சேரும். ஒட்டுக்கத்தியின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மட்டும் சரிவு. தட்டைப் பக்கம் தடியில் படிந்து ஒரே இழுவையில் நேர்முகம் கொடுக்கும். வலக்கைக்கும் இடக்கைக்கும் சரிவு மாறும் என்பதால் கேட்டு வாங்குங்கள். அதன் சரிவுப் பக்கத்தை மட்டும் தீட்டி, தட்டைப் பக்கத்தில் பிசிரை எடுக்க ஒரு தடவை கல்லில் படுக்கவைத்து இழுத்தால் போதும். மரத்துக்கு மரம் போகும்போது மதுசாரம் நனைத்த துணியால் அலகைத் துடையுங்கள், நோய் கத்தி வழியாகவும் போகும். அந்தக் கத்தியால் கயிறு வெட்ட வீட்டில் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பாக்குச் சீவ எந்த மடக்குக் கத்தி நல்லது? (வாசகர், துணுக்காய்)

பதில்: பாக்குவெட்டி.

கேள்வி: மகன் படிப்புக்காக இலண்டன் போகிறார். நான் கொடுத்த பூட்டுள்ள வில்லுக்கத்தியை நினைவாகக் கொண்டுபோக விரும்புகிறார். கொண்டுபோகலாமா? (வாசகர், மல்லாவி)

பதில்: விமானத்தில் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள், பொதியில் போகும் பெட்டிக்குள் வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. சிக்கல் இறங்கிய பிறகுதான். பிரித்தானியச் சட்டத்தில், தக்க காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது மடியும் கத்தி மட்டும். அதன் வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்ரிமீற்றருக்கு, மேற்படக்கூடாது. அதோடு அது பூட்டில்லாததாகவும் இருக்க வேண்டும். நீளம் எவ்வளவு குறைவானாலும், பூட்டு விழும் கத்தியை அந்நாட்டு நீதிமன்றங்கள் மடக்குக் கத்தியாகவே கணக்கெடுப்பதில்லை. பொத்தானை அழுத்தினால் வில்லால் தானே பாய்ந்து திறக்கும் வகை அங்கே 1959 முதலே விற்கத் தடைசெய்யப்பட்டது. நமக்கு விரலைக் காப்பாற்றும் பூட்டு அங்கே பிள்ளையைப் பொலிஸ் நிலையம் வரை கொண்டுபோகக்கூடும். அறையில் பழம் வெட்டப் பூட்டில்லாத சிறு சுவிஸ் கத்தி ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் கொடுத்ததை எண்ணெய் பூசி, துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள். விடுமுறையில் வந்து மாங்காய் வெட்டட்டும்.